பழக்கத்தை முந்திய வேகம்: மின்மிதிவண்டியின் முதற்பயணம் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் பொறியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சட்டகம், சக்கரம், சங்கிலி, காற்றடைத்த டயர் என்னும் வரிசையில் அது விரிகிறது. அப்பொறியில் முதன்முதலாக ஏறி அமர்ந்தவர் எவ்வாறு கற்றார், எவ்விடத்தில் விழுந்தார், பின்னாலிருந்து யார் பிடித்துக்கொண்டனர் என்பன அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன. இந்திய நகரங்களில் மின்மிதிவண்டி பரவிவரும் இக்காலத்தில் அந்த ஓரக்குறிப்புகள் கூடுதல் கவனம் பெற வேண்டியவை. சாதாரண மிதிவண்டியில் வேகம் பழக்கத்தின் விளைவு. கால் பழகிய அளவுக்கே சக்கரம் சுழலும். மின்மிதிவண்டியிலோ பழக்கம் வருமுன் வேகம் வந்துவிடுகிறது. பாதுகாப்பு பற்றிய இன்றைய கேள்விகள் அனைத்தும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் வான் டிரைஸ் தம் இருசக்கரப் பொறியில் புறப்பட்டார். அதற்குப் பெடல் கிடையாது. ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து இரு கால்களாலும் தரையை உந்திச் செல்வார். சாய்ந்தால் உடனே காலை ஊன்றிக்கொள்வார். அத்தகைய எளிய பொறிக்கும் பயிற்சி தேவைப்பட்டது. லண்டனில் 1819இல் அதன் திருத்திய வடிவத்தைச் செய்து விற்ற டெனிஸ் ஜான்சன், விற்பனையோடு நில்லாமல் ஓட்டக் கற்பிக்கும் கூடத்தையும் நடத்தினார். பொறியை விற்பவர் பழக்கியும் விடவேண்டும் என்னும் வழக்கம், ஏறத்தாழ இருசக்கர ஊர்தியின் வயதையே உடையது.

1860களில் பாரிசில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்தப்பட்டபோது கால் முதன்முறையாகத் தரையை விட்டு முற்றிலும் விலகியது. கற்பவரின் அச்சமும் அத்துடன் பெருகியது. 1869ஆம் ஆண்டளவில் அமெரிக்க நகரங்களில் கூரையிட்ட கூடங்களில் கட்டணம் செலுத்தி ஓட்டக் கற்றனர். அடுத்த பத்தாண்டில் வந்த உயரச்சக்கர வண்டி இடரை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றது. பெடலின் ஒரு சுற்று சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சமம் என்பதால், வேகம் வேண்டியவர் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சிறு கல்லொன்று தடுத்தாலும் ஓட்டுபவர் தலைகீழாக முன்னே வீசப்பட்டார். வேக வேட்கைக்கு உடல் கொடுத்த விலை அது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி வந்தது. இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு, சங்கிலி பின்சக்கரத்தை இயக்கியது, இருக்கை தாழ்ந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் அதனோடு சேர்ந்தது. இவ்வகை வண்டிக்கு அக்காலத்தார் 'பாதுகாப்பு மிதிவண்டி' என்றே பெயரிட்டனர். பாதுகாப்பு என்பது ஓட்டுபவரின் திறமையிலிருந்து பொறியின் வடிவமைப்புக்கு நகர்ந்த தருணம் இது எனலாம். ஆயினும் கற்றல் மறைந்துவிடவில்லை. அமெரிக்கச் சீர்திருத்தவாதி பிரான்சஸ் வில்லர்ட் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்ற அனுபவத்தை 1895இல் நூலாக வெளியிட்டார். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாக ஏறத்தாழ மூன்று மாதம் அவருக்குத் தேவைப்பட்டது.

இந்தியாவில் இக்கற்றல் கூடங்களில் நிகழவில்லை, தெருக்களில் நிகழ்ந்தது. பெரியவர்களுக்கான உயர்ந்த வண்டியில், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துச் சிறுவர் ஓட்டிய முறையைத் தமிழர் 'குரங்குப் பெடல்' என்றனர். இந்தி வழங்கும் பகுதிகளில் அது 'கைஞ்சி', அதாவது கத்தரி. அரைப் பெடல், முழுப் பெடல், பின்னர் கம்பி, இறுதியாக இருக்கை என்னும் படிநிலையும், மணிக்கணக்கில் வண்டியை வாடகைக்குத் தந்த கடையும், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அண்ணனோ அக்காவோ நண்பனோ சேர்ந்ததே இந்நாட்டின் பயிற்சிக்கூடம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, தெருவில் தனித்தனியே நிகழ்ந்துவந்த இக்கற்றல் ஒரு பொதுச்செயலாக அமைப்பு பெற்றது. இவை அனைத்திலும் பொதுவானது ஒன்று: கற்பவரின் வேகத்தை அவருடைய காலே கட்டுப்படுத்தியது. கற்றுத் தேறாத கால் விரைந்து செல்லவும் இயலாது.

இந்தப் பிணைப்பை அறுக்கும் எண்ணமும் பழையதே. ஒஹையோவின் கேன்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று மின்மிதிவண்டிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார்; 10 வோல்ட் மின்கலம்; 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். பெருக்கிப் பார்த்தால் மோட்டாருக்குள் செல்லும் ஆற்றல் 1,000 வாட் ஆகிறது. பயிற்சி பெறாத ஒருவர் நெடுநேரம் மிதித்துத் தரக்கூடிய ஆற்றல் 75 முதல் 100 வாட் அளவே என்பதை இதனருகில் வைத்துக் காண வேண்டும். கனமான மின்கலங்கள் காரணமாகவும், பெட்ரோல் எஞ்சினின் எழுச்சி காரணமாகவும் இவ்வகை வண்டிகள் நெடுங்காலம் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

அறுந்த பிணைப்பை மீண்டும் முடிச்சிட்டது 1993இல் ஜப்பானில் யமஹா வெளியிட்ட 'பாஸ்' வண்டி. மிதிக்கும் விசையை ஓர் உணரி அளந்தது. கால் தந்த அளவுக்கு மிகாமல் மோட்டாரும் தந்தது. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் உதவி படிப்படியாகக் குறைந்து, 24 கிலோமீட்டரில் முற்றிலும் நின்றது. காலை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும். மின்விசையை மனித விசைக்கு அடங்கியதாக வைத்த இவ்வடிவமைப்பே, அவ்வண்டியை மோட்டார் சைக்கிளாகக் கருதாமல் மிதிவண்டியாகக் கருதச் சட்டத்துக்கு வழிவிட்டது.

பிற நாட்டுச் சட்டங்களும் இத்தடத்திலேயே சென்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை 250 வாட், 25 கிலோமீட்டர் என எல்லை வகுத்தது. சீனாவின் 1999 தரநிலை 20 கிலோமீட்டர் வேகத்தையும் 40 கிலோ எடையையும் உச்சமாக்கியது. சந்தை அதை மதிக்கவில்லை. பெயரளவுக்குப் பெடல் பொருத்திய கனத்த ஸ்கூட்டர்கள் மிதிவண்டி என்னும் பெயரில் ஓடின. 2018இல் 25 கிலோமீட்டர், 55 கிலோ என அந்நாடு தரநிலையைத் திருத்திக் கண்டிப்பாக்கியது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார் உடையதும், 25 கிலோமீட்டரை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மின்னுதவி அறுபடுவதுமான மிதிவண்டியை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளித்திருப்பிகளும் இருக்கவேண்டும். அவ்வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டா.

இவ்விலக்கு நியாயமானது. ஏழைத் தொழிலாளிக்கும் மாணவருக்கும் முதியவருக்கும் மிதிவண்டியின் எளிமையை அது காத்துத் தருகிறது. எனினும் அதில் ஓர் இடைவெளி உண்டு. சட்டம் பொறியின் உச்சவேகத்தை வரையறுக்கிறது. முதற்பயணத்தின் இடரோ உச்சவேகத்தில் இல்லை, புறப்பாட்டில் இருக்கிறது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் உள்ள உணரி, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளப்பதில்லை. பெடல் சுழல்கிறதா என்பதை மட்டுமே அறிகிறது. மெல்லச் சுழற்றினாலும், தேர்ந்த நிலைக்குரிய விசை சற்றுத் தாமதித்து மொத்தமாக வந்து சேரும். விசையை அளக்கும் உணரி கொண்ட வண்டியிலோ, நின்றிருக்கும்போது பெடல்மேல் ஊன்றிய காலே வண்டியை முன்னே தள்ளக்கூடும். எடையும் சாதாரண வண்டியைவிடக் கூடுதல். சாயும்போது தாங்கிப் பிடிப்பது கடினம், நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும்.

மிதிவண்டிப் பண்பாடு வேரூன்றிய நெதர்லாந்தும் இதற்கு விலக்கன்று. 2017இல் அங்குச் சாலைகளில் இறந்த மிதிவண்டியோட்டிகள் 206 பேர். காரில் சென்று இறந்தோரைவிட அவ்வெண்ணிக்கை சற்று மிகுதி. அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் மின்மிதிவண்டியில் சென்றவர்கள். வாழ்நாள் முழுதும் மிதித்துப் பழகிய சமூகமும் புதிய பொறிக்காக மீண்டும் கற்க வேண்டியிருந்தது. முதியோர் பாதுகாப்பாகத் தொடர்ந்து மிதிவண்டி ஓட்டுவதற்கென அந்நாடு தனித் திட்டம் வகுத்துள்ளது.

ஆகவே முதற்பயணத்திற்கான விதிகள், பொறி அறுத்த பிணைப்பைக் கற்பவர் தம் கையால் மீண்டும் முடிச்சிடும் முயற்சியே. இரு பாதங்களும் தரையில் படியும்படி இருக்கையைத் தாழ்த்துதல். வாகனமற்ற திறந்தவெளியைத் தேர்தல். முதலில் மோட்டாரை அணைத்து வெறும் காலால் ஓட்டி, எடையையும் திருப்பத்தையும் உணர்தல். பின்னர் மிகக் குறைந்த உதவிநிலையில் தொடங்குதல். ஏறும்போது பிரேக்கைப் பிடித்திருத்தல், நிற்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்தல். இரு பிரேக்குகளையும் சேர்த்துச் சீராக அழுத்திப் பலமுறை நிறுத்திப் பழகுதல். திருப்பத்திற்கு முன்பே மிதிப்பதை விடுதல். சட்டம் கேளாவிடினும் தலைக்கவசம் அணிதல். குரங்குப் பெடலின் படிநிலை இங்கு வேறு வடிவில் திரும்பிவருகிறது.

வாடகைக் கடை மறைந்துவிட்டது. பின்னால் பிடித்து ஓடிவந்தவரால் மோட்டாரின் வேகத்துக்கு ஓட இயலாது. அவ்விடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு விற்பவருக்கும் பள்ளிக்கும் உள்ளாட்சிக்கும் உண்டு. சிறுவரின் மிதிவண்டித் திறனைச் சோதிக்கும் முறையைப் பிரித்தானியா 1947இலேயே தொடங்கியது. இந்தியாவில் உரிமம் வேண்டாத வண்டிக்குப் பயிற்சியும் வேண்டா எனக் கொள்ளப்படுகிறது. உரிமம் இல்லாத இடத்தில்தான் பயிற்சியின் தேவை மிகுதி. 1819இல் லண்டன் வணிகர் ஒருவர் தம் வாடிக்கையாளருக்குச் செய்ததை 250 வாட் விற்கும் இன்றைய கடையிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.