காவிரி கடலொடு கலக்கும் கரை

குடகு மலையில் தோன்றும் காவிரி, கண்ணம்பாடியில் தேங்கி, சீரங்கப்பட்டணத்தைத் தீவாக்கி, சிவசமுத்திரத்தில் அருவியாய் வீழ்ந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாரில் கடலொடு கலக்கின்றது. மைசூரில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வாற்றின் தலையும் இடையும் பழகிய இடங்கள். அதன் முகத்துவாரமோ நம்மில் பலர்க்கு ஏட்டில் மட்டுமே கண்ட இடமாக நின்றுவிட்டது. மைசூரிலிருந்து மயிலாடுதுறைக்கு நேரே புகைவண்டி செல்கின்றது; அங்கிருந்து கடற்கரை ஒரு மணி நேரப் பயணமே.

பூம்புகார் முதல் கோடிக்கரை வரை நீளும் இக்கரை, முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாயிற்று. 2020-இல் அதன் வடபகுதி மயிலாடுதுறை மாவட்டமாகப் பிரிந்தது. இடையில் உள்ள காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்குரியது. இக்கரையில் காண்பதற்கு உள்ளவை பல. காண இயலாது மறைந்தவை அவற்றினும் பல. மறைந்தவற்றுக்கெல்லாம் “கடல் கொண்டது” என்று ஒரே காரணம் கூறி அமைவது நம் வழக்கம். அக்கூற்று முற்றும் உண்மையா என்பதை ஊர் ஊராகச் சென்று காண்போம்.

முதலாவது பூம்புகார். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய காவிரிப்பூம்பட்டினம், கடலால் அழிந்ததென்று மணிமேகலை கூறுகின்றது. இன்று அங்கே பரந்த மணலும், ஓயாத அலையும், 1973-இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடமும் காண்கின்றோம். ஆயினும் பழைய நகர் முழுதும் நீருள் மூழ்கிவிடவில்லை. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் இப்பகுதியில் அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைப் பிணித்தற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதிகளும் உடன் கிடைத்தன. அம்மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அது கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரியவந்தது. பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும் புலப்பட்டது. கடல் கொண்டதுபோக எஞ்சிய நகரின் ஒரு பகுதி, நம் காலடி மண்ணிலேயே உறங்கிக் கிடந்தது என்பதற்கு இவை சான்று.

தெற்கே சென்றால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இவ்வூரில் வாணிகம் செய்ய இசைவளித்தார். டேன்ஸ்பர்க் கோட்டை அவ்வாண்டில் எழத் தொடங்கியது. 1706-இல் இங்கு வந்த சீகன்பால்கு தமிழ் பயின்று, அச்சுப்பொறி நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718-இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர்.

கோட்டைக்கு அருகே, கடலை நோக்கி நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இக்கோயிலின் முன்பகுதியை அலைகள் சிறிது சிறிதாக அரித்துக் கொண்டன. இவ்வூர்க்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் வழங்கியதை நாம் அறிவது இக்கோயிற் கல்வெட்டாலேயே. இங்கே குற்றம் கடலினுடையதே, ஐயமில்லை.

ஆனால் நாகப்பட்டினம் வேறு கதை சொல்கின்றது. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து மன்னன் இங்கே சூடாமணி விகாரம் எடுப்பித்தான். சைவனாகிய சோழ வேந்தன், கடல் கடந்த நாட்டான் கட்டிய அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரை அடைந்து, அந்நகரின் பெயராலேயே லெய்டன் செப்பேடுகள் என வழங்கலாயின.

நாகையின் பௌத்தப் பள்ளிகளின் எச்சமெனக் கருதப்படும் செங்கற் கோபுரம் ஒன்று, மூன்று நிலைகளுடன் 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றது. கப்பலோட்டிகள் அதனை அடையாளமாகக் கொண்டே துறையை அணுகினர். வால்ட்டர் எலியட் 1846-இல் அதனை நேரிற் கண்டார். சிதைந்திருந்த அக்கோபுரம் 1867-இல், சென்னை அரசின் இசைவோடு இடித்துத் தள்ளப்பட்டது. அலை தொடவில்லை, புயல் சாய்க்கவில்லை. மனிதர் கையே அதனை வீழ்த்தியது. எலியட் தாம் கண்டதை எழுதி 1878-இல் வெளியிட்டமையால், அதன் தோற்றத்தையேனும் இன்று அறிகின்றோம்.

இன்னும் தெற்கே வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்றும் புறப்பட்ட இராசாசியும் தொண்டர்களும் அம்மாத இறுதியில் இங்கே உப்பெடுத்துச் சிறை புகுந்தனர். அதற்கப்பால் கோடிக்கரை. வெளிமான்கள் துள்ளும் புல்வெளியும், பூநாரைகள் வந்திறங்கும் உவர்நீர்ப் பரப்பும் கண்ணுக்கு விருந்து. 1967 முதல் அது காப்பிடமாக விளங்குகின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பழந்தமிழ் நூல்கள் கூறும் கடல்கோள் வெறுங்கற்பனை என்று நகைத்தவரையும் அந்நாள் வாயடைக்கச் செய்தது.

ஆகவே, கடலின் ஆற்றலை யாரும் மறுத்தற்கில்லை. எனினும் கடல் கொண்டது ஒரு பங்கு. நாம் இடித்ததும் பேணாது விட்டதும் மற்றொரு பங்கு. இவ்விரண்டுக்கும் தப்பியவை, யாரேனும் ஒருவர் கண்டு எழுதி வைத்தவையே.

இவ்விடத்தில் மைசூருக்கும் அக்கரைக்கும் ஆற்றினும் நெருங்கிய உறவொன்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, உதகமண்டலத்திலிருந்து 1966-இல் மைசூருக்கு வந்தது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் பதியுமாறு தட்டி, மை ஒற்றி எடுப்பது மைப்படி. தமிழகக் கோயில்களில் அவ்வாறு எடுத்த பல்லாயிரம் படிகள் நம் நகரில் நெடுங்காலம் காக்கப்பட்டன. திருப்பணியின் பெயரால் கல் பெயர்க்கப்பட்டு எழுத்து மறைந்த இடங்களில், அம்மெல்லிய தாளே எஞ்சிய சான்றாகின்றது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. எந்நகரில் இருப்பினும் அவற்றைப் படித்துப் பதிப்பிப்பதே அவற்றுக்குச் செய்யும் உண்மையான காப்பு.

காவிரியின் கரையில் வாழும் நாம், நம் மக்களை அழைத்துக்கொண்டு ஒருமுறையேனும் அதன் முகத்துவாரம் சென்று வருதல் வேண்டும். அலையையும் மணலையும் கண்டு மகிழ்வதோடு நில்லாது, கல்லில் உள்ளதைப் படிக்கவும், கண்டதைக் குறித்து வைக்கவும் இளைஞரைப் பழக்குதல் வேண்டும். கடலைத் தடுப்பது நம் கையில் இல்லை. மறதியைத் தடுப்பது நம் கையில் உள்ளது.