பத்தாயத்துக்குள் ஒரு போர் விமானம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. தாத்தா காலத்தில் அயினிப் பலகையில் செய்தது. கன்னிப்பூ நெல்லும் கும்பப்பூ நெல்லும் மாறிமாறி அதை நிறைத்த காலம் உண்டு. வயல் போன பிறகு அதில் பழைய பஞ்சாங்கமும் உடைந்த குத்துவிளக்கும்தான் கிடந்தன. போன வருஷம் டிப்ளமா படிக்கும் என் பேரன் வந்து அதன் நீள அகலத்தை டேப் வைத்து அளந்தான்.

"தாத்தா, இந்தப் பத்தாயத்தை நான் எடுத்துக்கட்டா?"

"என்னத்துக்கு மக்கா?"

"சண்டை விமானத்துக்க காக்பிட் செய்யப் போறேன். பழைய மிஸ்தேர்."

அவனுக்கு விமானப்படையில் சேர ஆசை. கண் பரிசோதனையில் அது முடிந்துபோனது. அன்றைக்குப் பிறகு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதோடு நின்றிருந்தான். ஆனாலும் பத்தாயத்தை அறுப்பதென்றால் என் மனம் ஒப்பவில்லை. விதைநெல் இருந்த பெட்டியில் வாள் வைக்கக் கூடாது என்று வீட்டில் அவளும் சொல்லிவிட்டாள். முடியாது என்றேன். அவன் முகம் வாடிப் போனான்.

என் மனத்தை மாற்றியது பிரெஞ்சு மொழி என்றால் சிரிப்பீர்கள். அப்பா புதுச்சேரியில் வேலை பார்த்ததால் நான் அங்கே பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். பிறகு ஊர் திரும்பி அரசு எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அந்த மொழிக்கு ஒரு நாள்கூட வேலை வந்ததில்லை. பேரன் திரட்டி வைத்திருந்த படங்கள் பிரான்ஸ் நாட்டு அருங்காட்சியக விமானங்களுடையவை. விசைகளின் மேலே எல்லாம் பிரெஞ்சு எழுத்து. கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருந்தான். "தாத்தா, இந்த விமானத்தில ரயில் இருக்கு, ஜன்னல் கதவு இருக்கு, சட்டைக்கை இருக்கு. ஒண்ணும் விளங்கல்ல."

வாங்கிப் பார்த்தேன். "த்ரேன்" என்றால் ரயில்தான். ஆனால் விமானத்தில் அது இறங்கு சக்கரத் தொகுதி. "வொலே" ஜன்னல் கதவுதான். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகைக்கும் அதே பெயர். "மான்ஷ்" என்ற சொல்லைப் பெண்பாலாக்கினால் சட்டைக்கை, ஆண்பாலாக்கினால் கைப்பிடி. விமானத்தைத் திருப்பும் கோலை "மான்ஷ் ஆ பாலே" என்பார்கள், அதாவது துடைப்பக்கட்டை. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் உள்ள கால்வாய்க்கும் சட்டைக்கை என்றுதான் பிரெஞ்சில் பெயர். 1909 ஜூலை 25ஆம் தேதி அந்தச் சட்டைக்கையை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் லூயி பிளேரியோ.

அடுத்த வருஷமே, 1910ல், நம் சென்னையில் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய தாஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் கம்பெனியில் தம் யோசனைப்படி ஒரு விமானம் கட்டி, பல்லாவரத்திலும் தீவுத்திடலிலும் பறந்து காட்டினார். ஓட்டல்காரருக்கு விமானம் கட்ட ஆசை வரலாம் என்றால் டிப்ளமா படிக்கும் பையனுக்கு வரக் கூடாதா? இப்படித்தான் நான் இளகினேன்.

பிறகு பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். போலி விமானத்தில் உட்கார்வது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது உயிர் காக்கும் வேலையாக வளர்ந்திருக்கிறது.

அதன் தொடக்கமும் பிரான்ஸில்தான். 1910 வாக்கில் அந்த்வானெத் என்ற விமானத்தை ஓட்டக் கற்றவர்களுக்கு ஒரு பயிற்சிக் கருவி செய்தார்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே மாணவனை உட்கார வைப்பார்கள். ஆட்கள் நின்று அதைக் கையால் ஆட்டிச் சாய்ப்பார்கள். மாணவன் இரண்டு சக்கரங்களைத் திருப்பி, அடிவானத்துக்கு நேராக நிமிர்த்தப் பழக வேண்டும். அதற்குப் பெயரே பீப்பாய், "தொன்னோ". அன்றைய விமானங்களில் முதல் பிழையே கடைசிப் பிழையாகிவிடும். பீப்பாயில் செய்த பிழைக்கு முட்டியில் சிராய்ப்போடு போகும்.

அடுத்தவர் அமெரிக்காவின் எட்வின் லிங்க். அவருடைய அப்பா ஆர்கன் வாத்தியம் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். மௌனப் படக் கொட்டகைகளுக்கு அவர்கள் ஆர்கன் செய்து கொடுத்தார்கள். 1920ல் லிங்க் முதல் விமானப் பாடத்துக்குப் போனது, சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளினிடம். கட்டணம் 50 டாலர். ஒரு மணி நேரம் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, கோலைத் தொடவிடவில்லையாம். காசில்லாதவன் தரையிலேயே கற்க வழி வேண்டும் என்று அவர் யோசித்தார்.

நம் ஊர் பஜனை மடத்திலும் தேவாலயத்திலும் ஆர்மோனியத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். காற்றை உறிஞ்சினால் சுருங்கும், விட்டால் விரியும். அப்பாவின் தொழிற்சாலையில் கிடைத்த துருத்திகளைக் குட்டி விமானப் பெட்டி ஒன்றின் அடியில் வைத்தார் லிங்க். மின்மோட்டார் காற்றை உறிஞ்சும். உள்ளே கோலைச் சாய்த்தால் அந்தப் பக்கத் துருத்தி சுருங்கிப் பெட்டி சாயும். 1929ல் அது தயாரானது. விமானப் பள்ளிகள் சீந்தவில்லை. பொருட்காட்சிகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டாகத்தான் முதலில் விற்றது.

அதன் தலையெழுத்தை மாற்றியது தபால். 1934ல் அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தத்தை ரத்துசெய்து ராணுவத்திடம் கொடுத்தார். பனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கம் ராணுவ விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மணி கட்டிய கோலோடு ஓடும் நம் திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரரைக் கேள்விப்பட்டவர்களுக்குத் தெரியும், தபால் என்பது நேரத்தோடு போட்டி. 1935ல் திருவனந்தபுரத்துக்கும் டாட்டாவின் விமானத் தபால் வந்தது. அமெரிக்காவில் அந்தப் போட்டியில் உயிர்கள் போயின. பிறகுதான் ராணுவம் லிங்கைக் கூப்பிட்டது. அவர் வரவேண்டிய நாளில் ஒரே மூடுபனி. இனி வரமாட்டார் என்று அதிகாரிகள் கிளம்பும் நேரத்தில், கருவிகளை மட்டும் நம்பி வந்து இறங்கினார். ஆறு பெட்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000க்கும் மேல் செய்தார்கள்.

பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. பிரான்ஸுக்காக அமெரிக்காவில் செய்த கர்ட்டிஸ் சண்டை விமானங்கள், 1940ல் பிரான்ஸ் வீழ்ந்த பின் பிரிட்டிஷ்காரர்களிடம் வந்தன. இந்தியாவிலும் அவை பறந்தன. அன்றைய பிரெஞ்சு முறைப்படி எஞ்சின் வேகத்தைக் கூட்டக் கைப்பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் முன்னால் தள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் கை பழகிய பக்கம்தானே போகும்? அதனால் கைப்பிடியை மாற்றியமைத்தே பயன்படுத்தினார்கள்.

சரி, பேரன் ஏன் மிஸ்தேரைத் தேர்ந்தெடுத்தான்? இந்தியா பிரான்ஸிடம் முதலில் வாங்கிய ஜெட் சண்டை விமானம் தாஸோ கம்பெனியின் "ஊரகான்". புயல் என்று பொருள். 1953ல் வந்தது. நம் விமானப்படை அதைத் "தூஃபானி" என்றது. அதற்குப் பின் 1957 முதல் 110 "மிஸ்தேர்" விமானங்கள் வந்தன. மர்மம் என்று பொருள். கீழ்நோக்கிப் பாயும்போது ஒலியின் வேகத்தைத் தாண்டக்கூடியது. பிறகு மிராஜ், அதாவது கானல்நீர். 2020ல் வந்த ரஃபால் என்றால் திடீரென்று வீசும் காற்று.

பேரன் மனத்தில் இருந்தது ஒரு மனிதர். குடகு நாட்டுக்காரர் அஜ்ஜமாட போப்பையா தேவய்யா. 1965 செப்டம்பர் 7 அன்று, ஆதம்பூரிலிருந்து 1ஆம் படைப்பிரிவின் மிஸ்தேர்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. தேவய்யா மாற்று ஆளாகத்தான் வைக்கப்பட்டிருந்தார். ஒரு விமானம் விலகியதால் அந்த இடத்துக்குப் போனார். எதிரே வந்தது எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர், ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகக்கூடியது. மிஸ்தேரால் அதை முந்தவும் முடியாது, அதனிடமிருந்து ஓடவும் முடியாது. குண்டுபட்ட விமானத்தோடு தேவய்யா திரும்பி நின்று சண்டையிட்டு அதை வீழ்த்தினார். எதிரி விமானி பாராசூட்டில் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. அவருக்கு வயது 32.

அவர் என்ன செய்தார் என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை. காணாமல் போனவர் என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். 1979ல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், பாகிஸ்தான் தரப்பின் விவரங்களைக் கொண்டு எழுதிய நூலில்தான் அந்தச் சண்டை வெளியே வந்தது. படைப்பிரிவின் தலைவராக இருந்த தனேஜா அரசிடம் எடுத்துச் சொன்னார். 1988ல், 23 வருஷம் கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. கோப்புகளோடு ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு தாள் சேராமல் ஒரு கோப்பு எத்தனை வருஷம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள் எதிரியின் வீட்டிலிருந்து வந்ததுதான் ஆச்சரியம்.

இதை வீட்டில் அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஆசாரியை வரச் சொல்லுங்கோ" என்றாள்.

ஆசாரி பத்தாயத்தின் மேல்பலகையை மட்டும் எடுத்தார். அடியையும் பக்கங்களையும் தொடவில்லை. பழைய பஸ் சீட் ஒன்று இருக்கையானது. தையல் மிஷின் பெடலை இரண்டாக்கிக் கால்மிதிகள் செய்தான். கோலுக்கு அடிபம்பின் கைப்பிடி, இழுப்பதற்கு சைக்கிள் பிரேக் வயர். வடசேரியில் பழைய இரும்புக் கடைகளில் மீட்டர்களைப் பொறுக்கினோம். எழுத்துகளை நான் எழுதிக் கொடுத்தேன், உச்சரிப்புக் குறிகளோடு. அவை விட்டுப்போனால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பிரம்பெடுப்பார். மொத்தம் ஒன்பது மாதம் ஆனது.

முதலில் என்னைத்தான் ஏற்றினான். தோள் இரண்டு பக்கமும் இடித்தது. மூட்டு வலிக்காரனுக்குக் காலை நீட்டவும் இடமில்லை. முன்னால் பார்த்தால் முகத்தளவு கண்ணாடி, மீதியெல்லாம் கருவிகள். பின்னால் வருவது எதுவும் தெரியாது. ஆங்கிலத்தில் காக்பிட் என்றால் சேவல் சண்டைக் குழி. அந்தப் பெயரின் பொருத்தம் உட்கார்ந்த பிறகே விளங்கியது. இவ்வளவு இடத்துக்குள் இருந்துகொண்டு, தப்ப முடியாது என்று தெரிந்தும் ஒருவர் திரும்பி நின்றிருக்கிறார். புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது இப்படி உறைக்கவில்லை.

இறங்கும்போது காலடியில் பலகை இடுக்கில் இரண்டு மூன்று நெல்மணி கிடந்ததைப் பார்த்தேன். எடுக்க வேண்டாம் என்று பேரனிடம் சொன்னேன்.

இந்தச் செப்டம்பர் 7 அன்று தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பின்கட்டில் வரிசையாக நின்றார்கள். ஏறி உட்கார வேண்டுமானால் ஒரு பெயரைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று பேரன் நிபந்தனை போட்டான். அத்தனை பேரும் சொன்னார்கள்: அஜ்ஜமாட போப்பையா தேவய்யா.