நெற்கதிரில் மஞ்சள் உருண்டை... திருநெல்வேலி மாதிரியில் அடையாளம் காணப்பட்ட 'லட்சுமி நோய்': பூஞ்சை நஞ்சை எப்போது தயாரிக்கிறது?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் கதிர் முற்றும் நேரத்தில், சில மணிகள் மட்டும் மஞ்சள் உருண்டையாகப் பருத்து நிற்பதைப் பார்க்கலாம். தொட்டால் பொடி கையில் ஒட்டும். இதுதான் நெற்பழ நோய். மழையும் உரமும் சேர்ந்து பயிர் செழித்த ஆண்டில் அதிகம் தெரிவதால், 'லட்சுமி நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அமோக விளைச்சலுக்கு அறிகுறியாம்! உண்மையில் அந்த லட்சுமி, மணியைத் தின்றுவிட்டுத்தான் வருகிறாள்.

திருநெல்வேலிக்கு என்ன தொடர்பு?

இங்கிருந்து கிடைத்த நெல் மாதிரியை வைத்துத்தான், இங்கிலாந்தின் பூஞ்சை ஆய்வாளர் மார்டெகாய் கியூபிட் குக் 1878-ல் இந்தப் பூஞ்சையை முதன்முதலில் விவரித்தார். அவர் இதைக் கரிப்பூட்டை வகையில் சேர்த்தார். 'மஞ்சள் கரிப்பூட்டை' என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இது, கம்பில் தேனொழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்குத்தான் நெருங்கிய உறவு.

செடியையே ஏமாற்றும் வித்தை

கதிர் தொண்டையில் இருக்கும்போதே பூஞ்சை இழைகள் பூவுக்குள் நுழைந்து மகரந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொள்கின்றன. கருவுறுதல் நடக்காது. ஆனாலும், மணி பால் பிடிக்கும்போது வேலை செய்ய வேண்டிய நெல்லின் மரபணுக்கள் அங்கே இயங்க ஆரம்பிக்கின்றன. மணி உருவாகிறது என்று நம்பிச் செடி அனுப்பும் சத்து, பூஞ்சைக்குப் போய்ச் சேர்கிறது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில் கரும்பச்சை என உருண்டை நிறம் மாறும்.

அந்த உருண்டைக்குள் 'அஸ்டிலாக்சின்' என்ற நஞ்சு இருப்பதை 1990களின் தொடக்கத்தில் ஜப்பான் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்கள் உருவாவதை இது தடுக்கிறது. எலிச் சோதனைகளில் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன.

நஞ்சுக்கு 'சுவிட்ச்' எது?

பூஞ்சை எந்நேரமும் நஞ்சு தயாரிப்பதில்லை. அதற்கான மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக இருக்கும். மொத்தமாக இயங்கும், மொத்தமாக அடங்கும். இந்தக் கட்டுப்பாடு நன்றாகப் புரிந்தது அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளில். நிலக்கடலை, மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் உண்டாக்குவது இந்த இனம்தான். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, 1974-ல் குஜராத், ராஜஸ்தானில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அஸ்பெர்ஜில்லஸில் 'வெல்வெட்' என்ற புரதக் கூட்டணி வேலை செய்கிறது. இருட்டில் அது செல்லின் கருவுக்குள் போய்ச் சேர்ந்து மரபணுக்களைத் தூண்டுகிறது. வெளிச்சத்தில் அந்த வேகம் குறைகிறது. இதில் முக்கியமான ஒரு மரபணுவை நீக்கினால் அஃப்ளாடாக்சின் மட்டும் நிற்பதில்லை, பூஞ்சை கெட்ட காலத்தைத் தாண்ட உருவாக்கும் கடினமான கட்டிகளும் நின்றுவிடுகின்றன. அதாவது வளர்ச்சியும் நஞ்சும் ஒரே சுவிட்சில். நெற்பழப் பூஞ்சையிலும் இதே குடும்பப் புரதங்கள் இருக்கின்றன.

வயலில் என்ன செய்வது?

உருண்டை கண்ணில் பட்டபின் மருந்து அடிப்பது வீண் செலவு. பூஞ்சை உள்ளே போய் நாளாகியிருக்கும். தொண்டைக்கதிர்ப் பருவத்தில் ஒரு முறை, பாதிக் கதிர் பூக்கும்போது இன்னொரு முறை, ஹெக்டேருக்கு 500 மில்லி புரோபிகோனசோல் தெளிப்பது வேளாண் துறையினர் சொல்லும் வழி. யூரியாவை அள்ளிப் போட்டால் நோய்க்குத்தான் கொண்டாட்டம். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கக் கூடாது. உருண்டை உள்ள கதிர்களைப் பொடி பறக்காமல் பையில் மூடி அகற்றி எரித்துவிட வேண்டும். மாட்டுக்குப் போடும் வைக்கோலில் அவை கலக்கவே கூடாது.