கந்தலில் ஓடிய ஊசி



தையல் மிஷின் இருக்கிற வீட்டில் எல்லாம் ஒரு மூலையில் வெட்டுத்துணி மூட்டை கிடக்கும். ஜாக்கெட் வெட்டின மிச்சம், நைட்டித் துணி, பழைய சேலைக் கிழிசல் என்று சேர்ந்துகொண்டே இருக்கும். சிலர் கால்மிதி பின்னுகிறோம், சிலர் கரித்துணி ஆக்குகிறோம். இப்படிப்பட்ட துண்டுத் துணிகளை வைத்து ஜப்பான் நாட்டுக் கிராமத்துப் பெண்கள் தங்கள் குடும்பத்தையே குளிரிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கைத்தையலுக்குப் பேர் சாஷிகோ. ‘சின்னச் சின்னக் குத்து’ என்று அர்த்தம். பேர்தான் புதுசு. மிஷினில் தைக்கும் முன்னாடி நாம் கையால் நூல் ஓட்டுகிறோமே, அதே தையல்தான்.

ஜப்பானின் பெரிய தீவுக்கு வடகோடியில் அவோமோரி என்ற பகுதி இருக்கிறது. ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிற ஊர். அந்தக் குளிரில் பருத்தி விளையாது. அதனால் ‘அசா’ என்கிற செடியின் நாரை உரித்து, நூலாக்கி, துணி நெய்து உடுத்தினார்கள். நம்ம சணப்பு நார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்த்துணியில் கண்ணுக்குக் கண் இடைவெளி இருக்கும். காற்று உள்ளே புகுந்துவிடும். குளிர்தான் இப்படி என்றால் சட்டமும் சேர்ந்துகொண்டது. அங்கே சுகாரு என்ற சீமையை ஆண்டவர்கள் 1724இல் சிக்கனச் சட்டம் போட்டு, விவசாயிகள் நார்த்துணிதான் உடுத்தவேண்டும், பருத்தி உடை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வயலில் உழைக்கிறவளுக்கு ஒரு நூல் உடை உடுத்தக் கொடுப்பினை இல்லை!

உடைதானே கூடாது? பெண்கள் வெள்ளைப் பருத்தி நூலைக் கொஞ்சம் வாங்கி, அவுரிச் சாயம் போட்ட நீல நார்த்துணியின் இடைவெளிகளை ஊசியால் அடைத்தார்கள். இழையை எண்ணி எண்ணிக் குத்தவேண்டும். ஒற்றைப்படையில் இழை எடுத்தால் சாய்சதுரக் கோலம் தானாக விழும். இதற்குக் கோகின் என்று பேர். துணி தடித்தது, காற்று நின்றது, சுமை தூக்கித் தேயும் தோள்பட்டையும் உறுதியானது. அழகு அப்புறம் வந்ததுதான். பகலெல்லாம் வயல், பனி மூடிய மாதங்களில் அடுப்போரம் உட்கார்ந்து ஊசி. சின்னப் பிள்ளையிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்களாம்.

தென்பக்கத்து ஊர்களில் கட்டிக் கிழிந்த பருத்தித் துணி கப்பலில் வடக்கே வரும். அந்தக் கந்தலையும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். உள்ளங்கை அளவுத் துண்டைக்கூட எறியமாட்டார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டு, அதன்மேல் இன்னொரு ஒட்டு, மேலே சாஷிகோ தையல். அம்மா தைத்ததை மகள் ஒட்டுப்போடுவாள், மகளுடையதைப் பேத்தி. இப்படி அடுக்கடுக்காக வந்த கந்தலைப் ‘போரோ’ என்றார்கள். இரவில் போர்த்தும் போரோ அங்கி பத்துக் கிலோவுக்கு மேலேகூடக் கனக்கும். அதற்குள் குடும்பமே சேர்ந்து படுக்கும். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. ‘போடோகோ’ என்று ஒரு விரிப்பு. வீட்டில் முன்னோர் உடுத்திய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. பிரசவம் அதன் மேல்தான் நடக்கும். பிறக்கிற பிள்ளையின் உடம்பில் முதலில் படுவது அந்த வம்சத்தின் துணி.

பிற்பாடு ரயில் வந்தது. 1890களில் அவோமோரிக்குப் பருத்தித் துணி சுலபமாக வந்து இறங்கியது. கோகின் தைப்பது குறைந்துபோனது. போரோ வைத்திருப்பது வெட்கம் என்று ஆகி, மறைத்து வைத்தார்கள், எரித்தும் விட்டார்கள். தனகா சூசபுரோ என்பவர் அவோமோரிக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி இவற்றைச் சேகரித்தார். அவர் சேர்த்த சாஷிகோ உடைகளில் 786 உருப்படிகளை 1983இல் ஜப்பான் அரசு நாட்டுப்புறச் செல்வமாக அறிவித்தது. இன்று பழைய போரோவைப் பணக்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சட்டம் போட்ட சீமைக்காரர்களின் பேர் ஏட்டில் இருக்கிறது, சேகரித்தவர் பேர் இருக்கிறது. தைத்த பெண்களின் பேர் அநேகமாக எதிலும் இல்லை. நம்ம பேராவது தீர்மான நோட்டில் இருக்கிறது!

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி வந்தது. 2004இல் நம்ம கடற்கரை பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இவாத்தே மாவட்டத்தில் ஓட்சுசி என்ற மீன்பிடி ஊரில் மேயர் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். முகாமில் ஆண்களுக்காவது இடிபாடு அள்ளும் வேலை இருந்தது. வீட்டையும் அடுப்பையும் இழந்த பெண்கள், அதிலும் வயதானவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முகாமின் நெருக்கடியில் மிஷின் எங்கே போடுவது? உதவிக்கு வந்தவர்கள் ஊசியும் நூலும் துணியும் கொடுத்து சாஷிகோ தைக்கவைத்தார்கள். தைத்ததற்குக் கூலியும் உண்டு. முதலில் தைத்தவை டம்ளர் வைக்கும் சதுரத் துணியும் பாத்திரம் துடைக்கும் துணியும்தான்.

அந்தச் சதுரத்தை நாமும் தைக்கலாம். சாண் அகலம்கூட வேண்டாம், நான்கு விரற்கடை இருந்தால் போதும். இரண்டு துண்டை நல்ல பக்கம் உள்ளே வைத்து ஓரம் அடித்து, திருப்பி, வாயை மூடிக்கொள்ளுங்கள். சாக்பீஸால் கட்டமோ வட்டமோ வரையுங்கள். கொஞ்சம் தடித்த பருத்தி நூல், நீளமான ஊசி. மேலே தெரியும் தையல் அரிசி அளவு, அடியில் அதைவிடச் சின்னது. நாலைந்து குத்து ஊசியில் ஏற்றி ஒரே இழுப்பாக இழுக்கலாம். இழுத்ததும் துணியை விரலால் நீவிவிடுங்கள், இல்லாவிட்டால் சுருங்கும். கோடு திரும்பும் மூலையில் நூலைத் துளி தளர விடுங்கள். முடிச்சுப் போடாமல், வந்த வழியிலேயே மூன்று குத்துத் திரும்பிக் குத்தி நூலை நறுக்கிவிடுங்கள். அடிப்பக்கமும் மேல்பக்கம் போலவே இருக்கும்.