இருபத்தெண்மர் திறந்த கடை



வருவாய் குறைவாயிருத்தல் ஒரு குடிக்குக் கேடன்று. செலவு வருவாயை மிஞ்சி ஓடுதலே கேடு என்பது திருவள்ளுவர் கருத்து. இக்கருத்தை அவர் இல்லற இயலில் வைத்திலர். பொருட்பாலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைவர்மேற் செல்லும் அரசன் தன் வலிமையை அளந்தறியுமாறு கூறும் இடத்தில் வரவு செலவுக் கணக்கு வருவானேன் என்று மாணாக்கர் எம்மை வினவுவதுண்டு. அளவறிந்து செலவிடுதலும் ஒரு வலிமையே என்பதே யாம் கூறும் விடை.

ஆயினும், ஏழைக் குடும்பத்தை நோக்கிச் சிக்கனமாய் இரு என்று சொல்லி அமைதல் எளிது. இருவேளை உண்பவன் எந்த வேளையைக் குறைப்பான்? அவன் வாங்கும் அரிசிக்கு விலை குறிப்பவன் வேறொருவன்; அதனை நிறுப்பவனும் அவனே; கையிற் காசில்லாத நாளிற் கடன் தருபவனும் அவனே. விலை, நிறை, கடன் ஆகிய இம்மூன்றும் பிறர் கையில் இருக்குமளவும் தனியொருவனது சிக்கனம் ஓட்டைக் குடத்தில் நீர் முகந்தாற் போல்வதாம். இம்மூன்றையும் தம் கைப்படுத்திய தொழிலாளர் சிலரது வரலாற்றை இம்மாதம் எழுதப் புகுந்தோம். அவருட் பலர் நம் முன்னோரைப் போலத் தறியை நம்பி வாழ்ந்தவர். ஆதலின் இஃது அயலார் கதையென்று நம்மவர் ஒதுக்காதிருப்பாராக.

இங்கிலாந்தின் வடபால், அந்நாளில் லங்காஷயர் மாகாணத்தைச் சேர்ந்திருந்த ராச்டேல் என்றோர் ஊர் உண்டு. பிளானல் என்னும் கம்பளித் துணி நெசவிற்கு அவ்வூர் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விசைத்தறி பரவப் பரவக் கைத்தறி நெய்வோர் கூலி தேய்ந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பிற்காலத்தார் 'பசி நாற்பதுகள்' என்றே பெயரிட்டு வழங்கினர். ராச்டேல் நெசவாளர் 1843-ஆம் ஆண்டின் இறுதியில் கூலி உயர்வு வேண்டிக் கிளர்ந்தனர், அம்முயற்சி பலிக்கவில்லை. கூலி உயராதெனின், பெற்ற கூலி கரையாதிருக்க வழியுண்டா என்பதே அவர்முன் எஞ்சி நின்ற வினா.

கூலி கரையும் வழிகள் பலவாக இருந்தன. இங்கிலாந்தின் தொழிலூர்களில் முதலாளிமாருட் சிலர் கூலியைப் பணமாகத் தாராது, தம் கடைச் சரக்காகவே தந்து வந்தனர். அவ்வழக்கத்தைத் தடுக்க 1831-இல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. பிற கடைகளிலோ கலப்படம் மலிந்திருந்தது. பிரெடரிக் அக்கும் என்னும் வேதிநூல் வல்லார் 1820-இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டு, ரொட்டி வெண்மையாய்த் தோன்றப் படிகாரம் கலப்பதையும், வேறு இலைகளுக்குச் சாயமேற்றித் தேயிலையென விற்பதையும் வெளிப்படுத்தினார். கலப்படத்தைப் பொதுவாகத் தடுக்கும் முதற் சட்டம் அங்கே பிறந்தது 1860-இலேயாம். இடைப்பட்ட நாற்பது ஆண்டும் ஏழை மக்கள் படிகாரத்தையும் உண்டனர். இவையனைத்தினும் கொடியது கடன். கடைக்காரரிடம் பாக்கி வைத்தவர் வேறு கடைக்குச் செல்லுதல் இயலாது. அங்கே வைத்த விலையே விலை, இட்ட நிறையே நிறை.

இதனை விளக்க ராச்டேல் வரை செல்ல வேண்டுவதில்லை. எம் தந்தையார் கைத்தறி நெய்தவர். எம் இளமையில் எம் வீட்டு மாடத்தில் ஒரு மளிகைக் கணக்குப் புத்தகம் இருந்தது. பாவு கிடைத்துத் தறி ஓடும் மாதத்திற் பற்று ஓரளவு தீரும். தறி நின்ற மாதத்தில் மீண்டும் ஏறும். புத்தகத்தில் ஏறும் விலை ஒன்று, ரொக்கத்திற்கு விற்கும் விலை மற்றொன்று என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். ஒருநாள் எம் அன்னையார், வாங்கிவந்த துவரம்பருப்பை அண்டை வீட்டுத் தராசிலிட்டு நிறுத்தார். ஒரு கிலோவிற்கு ஐம்பது கிராம் குறைந்தது. தந்தையாரிடம் கூறியபோது அவர், "பழைய பாக்கி நிற்கையில் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?" என்று சொல்லித் தறிக்குழியில் இறங்கிவிட்டார். அக்கடைக்காரரைக் கொடியவர் என்று யாம் கூறமாட்டோம். தறி நின்ற நாட்களில் எம் வீட்டு அடுப்பு எரிந்தது அவர் தந்த அரிசியால். அவரும் மொத்த வாணிகரிடம் கடன்பட்டே சரக்கெடுத்தார். குற்றம் ஆளினது அன்று. கடன்பட்டவன் தராசைப் பார்க்க இயலாது என்னும் அம்முறையினது.

இனி ராச்டேலுக்கு மீள்வோம். அவ்வூர்த் தொழிலாளர் கூட்டுக்கடை வைத்தது அதுவே முதன்முறையன்று. 1833-இல் டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கூட்டுக்கடை திறந்து நடத்தினர். அங்கத்தினர் தம்மவரே என்னும் இரக்கத்தாற் கேட்டவர்க்கெல்லாம் கடன் தந்தனர், கடன் திரும்பவில்லை, ஈராண்டுக்குட் கடை மூடியது. நல்லெண்ணம் ஒன்றே கடை நடத்தப் போதாது என்பதை அவர்கள் பொருளிழந்து கற்றனர்.

அப்பாடத்தை மறவாதவர் சிலர் 1844-இல் மீண்டும் கூடினர். நெசவாளரோடு செருப்புத் தைப்போர், தச்சர் முதலிய பிற தொழிலாளரும் அவருள் இருந்தனர். தலைக்கு ஒரு பவுன் பங்கு என்று வகுத்து, அதனை ஒருங்கே தர இயலாதவராதலின், வாரந்தோறும் இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் எனச் சிறுகச் சிறுகத் தண்டினர். அக்காலத்து ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் என்பதை நினைப்பின், அவர் பொறுமை விளங்கும். இங்ஙனம் 28 பேரின் முதலாக 28 பவுன் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. முன்னைக் கடை வீழ்ந்த அதே டோட் லேனில், ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தைப் பிடித்தனர்.

1844 டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை, அக்கடையின் கதவு திறந்தது. உள்ளே இருந்த சரக்கு 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 6 அந்தர் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். இவற்றின் விலை மொத்தம் 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். நம் தெருவில் ஒரு திருமணத்திற்கு வாங்கும் சரக்கும் இதனினும் மிகுதியாயிருக்கும். தெருச் சிறுவர் வந்து எள்ளி நகைத்தனர். பகலில் அவரவர் தொழிலுக்குச் செல்ல வேண்டியிருந்தமையால், தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலைகளே கடை திறந்திருந்தது.

அக்கடையை நிலைநிறுத்தியது சரக்கன்று, விதியே. அவ்விதிகளுள் நமக்கு வேண்டுவன சில கூறுவோம்.

முதலாவது, ரொக்கத்திற்கே விற்றல். கடன் கொடுப்பதும் இல்லை, கொள்வதும் இல்லை. முன்னைக் கடையைக் கொன்ற நோய் இவ்விதியால் அகன்றது. இரண்டாவது, கலப்பில்லாத சரக்கு, குறையாத நிறை. வாங்குவோரே கடைக்கு உடையவராதலின், நிறையைக் குறைப்பின் தம் பருப்பைத் தாமே திருடியவராவர். மூன்றாவது, பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு. நான்காவது, கணக்கை அங்கத்தினர்முன் காலந்தவறாது வைத்தல்.

ஐந்தாவதே நுட்பமானது. ஊரில் வழங்கும் விலைக்கே அவர்கள் விற்றனர், விலையைத் தாழ்த்திலர். காலாண்டு முடிவில் செலவும் முதலுக்குரிய வட்டியும் போக நின்ற ஊதியத்தை, அவரவர் வாங்கிய சரக்கின் அளவிற்கேற்பப் பகிர்ந்தளித்தனர். இம்முறையை அங்கே வகுத்தவருள் சார்லஸ் ஹோவர்த் என்பார் சிறந்து குறிக்கப்படுகின்றார். இதன் பயனை நம் கணக்காற் காண்போம். ஒரு குடும்பம் மாதம் 5,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குவதாகவும், ரூபாய்க்கு ஐந்து காசு ஊதியம் திரும்புவதாகவும் கொள்வோம். மாதத்திற்கு 250 ரூபாய்; ஆண்டிற்கு 3,000 ரூபாய். நாள்தோறும் அங்காடியிற் காசு இரண்டு குறைந்திருப்பின், அக்காசு அன்றே வேறொன்றிற் செலவாகி மறையும். ஆண்டிறுதியில் ஒருங்கு வரும் 3,000 ரூபாயோ பிள்ளையின் பள்ளிச் செலவாகும். உண்பதைக் குறைத்துச் சேமிப்பது ஒரு வழி. உண்பதனாலேயே சேமிப்பது மற்றொரு வழி. ராச்டேலார் கண்டது இப்பின்னைய வழியாம்.

தொடக்கம் எளிதாயிருக்கவில்லை. சிறுமுதலிற் கொள்முதல் செய்வோர்க்கு மொத்த விலை நயமாகக் கிட்டாது. பழைய கடைகளிற் பாக்கி வைத்திருந்தோர், எம் தந்தையாரைப் போலவே, அக்கட்டை அறுத்துவர இயலாது தவித்தனர். எனினும் 1845-இல் அங்கத்தினர் 74 பேராயினர். 1849-இல் அவ்வூர்ச் சேமிப்பு வங்கி, அதன் கணக்கை ஆண்டவரது மோசடியால் முறிந்தது. ஏழைகள் பலர் சேமித்தது போயிற்று. அப்போது மக்கள் கணக்கை மறையாது காட்டிய டோட் லேன் கடையை நாடினர். முந்திய ஆண்டில் 140 ஆக இருந்த அங்கத்தினர் தொகை அவ்வாண்டில் 390 ஆயிற்று, 1860-இல் 3,450, 1880-இல் பதினாயிரத்திற்கு மேல். சிறுவர் நகைத்த கடையில் சேர்ந்த முதல் 1860-இலேயே 37,000 பவுனைக் கடந்திருந்தது.

மேலும் இரண்டு செய்திகளை நம் தாய்மார்களும் இளைஞர்களும் அறிதல் வேண்டும். மணமான பெண் ஈட்டிய பொருளும் கணவனுக்கே உரியது என்பது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். 1870-லும் 1882-லும் இயற்றிய சட்டங்களால்தான் அந்நிலை மாறியது. ராச்டேல் கடையோ அதற்கு நெடுநாள் முன்னரே பெண்களைத் தம் பெயரில் அங்கத்தினராக ஏற்றது. மற்றொன்று, ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, அவர்கள் படிப்பகமும் நூல்நிலையமும் நடத்தினர். வெண்ணெய் விற்ற கடையின் மேல்மாடியில் நூல்கள் அடுக்கப்பட்டன என்பதை எண்ணும்போது, ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு உள்ளம் குளிர்கின்றது.

அவ்வித்து நம் நாட்டிலும் முளைத்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, ராச்டேல் நெறியில் பண்டகசாலை நடத்தலாயிற்று. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் அப்போது அங்கே இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவ்வாண்டிலேயே இந்தியாவிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. பிறவகைச் சங்கங்களுக்கு இடந்தரும் சட்டம் 1912-இல் வந்தது. தறித்தொழிலுக்கோ, இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935-இல் எழுந்தது. இன்றைக்கு நம் மாநிலத்து நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆதலின் கூட்டுறவு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அதனைப் பிறர் நமக்காக நடத்துவதொன்றாக எண்ணிக் கைகட்டி நிற்பதே நம் குறை.

இக்காலத்திற் பழைய பற்றுப் புத்தகம் கைப்பேசிக்குட் புகுந்துவிட்டது. இன்று வாங்குக, நாளைத் தவணையிற் செலுத்துக என்னும் அழைப்பு நள்ளிரவிலும் வருகின்றது. பாக்கியைக் கேட்டு வாயிலில் வந்து நிற்கும் முகம் இல்லாமையால் கடன் பெறுவதில் நாணமும் இல்லாதாயிற்று. வடிவம் மாறினும் இயல்பு மாறவில்லை: கடன்பட்டவன் தராசைப் பார்ப்பதில்லை.

எனவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்க. குடும்பத்திற்கு மாதம் 5,000 ரூபாய் மளிகைச் செலவெனின், பத்துக் குடும்பத்திற்கு 50,000 ரூபாய். தனித்துச் செல்பவன் கடைவாயிலிற் காத்து நிற்பான். 50,000 ரூபாயோடு செல்பவரை மொத்த வாணிகர் இருக்கை தந்து வரவேற்பார். முதலில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்னும் மூன்றோடு தொடங்குக. வாரந்தோறும் சிறு தொகை தண்டி முதல் சேர்க்க. எவர்க்கும், சங்கத் தலைவர்க்கேயாயினும், கடன் தாரற்க. மாத முதல் ஞாயிறு அன்று அனைவரும் கேட்கக் கணக்கைப் படிக்க. படிப்பவர் பெண்டிராயின் மிக நன்று, இல்லத்திற் பருப்பின் நிறையை முதலில் அறிபவர் அவரே ஆதலின். சேர்க்கை பெருகியபின் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். பழைய பாக்கியால் வர இயலாதார் இருப்பின், அப்பாக்கியைச் சிறுகச் சிறுகத் தீர்க்க வழி சொல்லி, அவர்க்காகக் காத்திருக்க, அவரை எள்ளற்க.

ராச்டேலில் அக்கடை இருந்த கட்டடம் இன்று காட்சிச்சாலையாக விளங்குகின்றது. அதனைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் தெருக்கோடியிற் பூட்டிக்கிடக்கும் தறிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைத்து, அதனுள் சரியான தராசு ஒன்றை வைப்போமாயின் அதுவே போதும். எம் தந்தையார் இன்று இலர். அவர் கேட்க மாட்டாத நிறையை நம் பிள்ளைகளேனும் தலைநிமிர்ந்து கேட்கும் நாள் வருக.