காயலான் கடையும் கைவினைச் செல்வமும்

திருவேற்காட்டிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் வழியில், பழைய உலோகம் வாங்கும் கடையொன்றில் அண்மையில் நாம் ஒரு பித்தளைக் கெண்டியைக் கண்டோம். குக்கர் மூடிகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. உளூச் செய்யவும், விருந்துக்கு முன் கை கழுவத் தண்ணீர் வார்க்கவும் நம் முன்னோர் வீடுகளில் புழங்கிய கலம். மூக்கு நசுங்கியிருந்தது. அடிப்பாகத்தில் உளியால் வெட்டிய அரபுத்தமிழ் எழுத்துகள் நான்கு. கடைக்காரர் அதன் எடையைச் சொன்னார். வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை.

இத்தகைய கடையைச் சென்னைவாசிகள் ‘காயலான் கடை’ என்பர். காயல்பட்டினத்திலிருந்து வந்து பழம்பொருள் வாணிபம் செய்த முஸ்லிம்களால் இப்பெயர் வழங்கலாயிற்று என்பது பரவலான விளக்கம். பெயரில் சற்றே ஏளனம் தொனிப்பது உண்மைதான். ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் ஏறிய பழம்பொருள்களுள் பலவும் முதலில் இத்தகைய கடைப் படிகளைக் கடந்தவையே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சேகரிப்பின் வரலாறு நம் சமூகத்துக்கு அந்நியமானதன்று. 1850இல் சென்னையில் முகமதிய பொது நூலகம் தோன்றக் காரணமாயிருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் படை மருத்துவர். அடுத்த ஆண்டே தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளரும் அவரே. நூலையும் பொருளையும் ஒருங்கே பேணவேண்டும் எனக் கருதிய மனிதர். நாமோ நூலை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொருளை எடைக்குப் போட்டுவிட்டோம்.

1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இத்தகைய பொருள்களின் பெருஞ்சந்தையாக விளங்கியது. பழைய புத்தகம், நாணயம், விளக்கு, கடிகாரம் யாவும் அங்கே கைமாறின. 1985 மே 30ஆம் நாள் அது தீக்கிரையானது. எரிந்தவை பொருள்கள் மட்டுமல்ல. எது எந்த ஊரிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று வாய்மொழியாகச் சொல்லக்கூடிய வணிகர்களும் அன்று திசைக்கொருவராய்ச் சிதறினர்.

சேகரிப்போரின் கண் பெரும்பாலும் உலோகத்தின்மீதும் கருங்காலி, தேக்கு ஆகியவற்றின்மீதுமே படிகிறது. அவை அழியாமல் நிற்பவை, விலையும் போகும். புல்லாலும் ஓலையாலும் ஆனவை கணக்கில் வருவதில்லை. நமக்கு மிகப்பெரிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பை முஸ்லிம்கள் நெய்யும் பாயை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையோரக் கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, உப்பியதும் நூலிழைபோல் கிழித்து, பருத்தி அல்லது பட்டுப் பாவில் கோத்து நெய்வர். உயர்ந்த ரகம் பட்டுத் துணிபோல் மடியும். திருமணப் பாயில் மணமக்கள் பெயரையும் நாளையும் நெய்வது வழக்கம். அவ்வகையில் அது கல்வெட்டுக்கு நிகரான ஆவணம். ஆண்டு குறித்த ஆவணம். ஆனால் புழங்கியே தேயும் ஆவணம். 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி நெய்யப்படுவனவற்றுக்கு அது காப்பு. நம் பாட்டிமார் படுத்த பாய்கள் எங்கே?

கண்ணாடியின் பின்புறம் தீட்டும் ஓவியத்துக்குத் தக்க நேரத்தில் ஓர் ஆய்வாளர் வாய்த்தார். சென்னையில் பிறந்த ஓவியர் ஜயா அப்பாசாமி அவற்றைத் தேடிச் சேர்த்ததோடு நில்லாமல், 1980இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். சேகரிப்பு கல்வியாவது இப்படித்தான். அலமாரியை நிரப்புவது வேறு.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா மற்றொரு வழியைக் காட்டிற்று. டெபோரா தியாகராஜன் 1984இல் நிறுவிய சென்னை கைவினை அறக்கட்டளை, தென்னாட்டின் பழைய வீடுகளையே பிரித்தெடுத்து வந்து அங்கே மீண்டும் எழுப்பியது. சிக்மகளூர் முஸ்லிம் குடும்பமொன்றின் வீடும் அவற்றுள் உண்டு. பொருளை அது இருந்த இடத்தோடு காட்டும்போது விளக்கம் தானே வந்துவிடுகிறது. காயல்பட்டினத்து அல்லது கீழக்கரை வீடொன்று, சஹனும் படிக்கமும் பன்னீர்ச் செம்பும் ரெஹலும் தத்தம் இடத்திலேயே இருக்க, அவ்வாறு பேணப்பட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வசதி படைத்த ஜமாஅத்துகள் நமக்கு இல்லாமலில்லை.

சட்டத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. வரலாற்று மதிப்புடைய ஏட்டுச்சுவடிக்கு 75 ஆண்டே போதும். தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. வணிகத்துக்கு உரிமம் தேவை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் வாழும் உறவினருக்குப் பழைய அரபுத்தமிழ்ச் சுவடியை அன்பளிப்பாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதை அறிந்திருத்தல் நலம். அழகிய பொருளுக்கு விலை கொடுப்போரில் பலர் அது வந்த வழியைக் கேட்பதில்லை. கேட்காமல் வாங்கிய பொருள் சில சமயம் திருட்டுப் பொருளாகவும் இருந்துவிடும்.

அந்தக் கெண்டியை எடை விலைக்கே வாங்கினோம். யார் கொண்டுவந்தது என்று இருமுறை கேட்டோம். இடித்துக் கட்டப்படும் ஒரு வீட்டின் சாமான்களோடு, பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து வந்ததாக நினைவுபடுத்திச் சொன்னார் கடைக்காரர். அவர் சொன்னதையும் வாங்கிய நாளையும் ஒரு சீட்டில் எழிதிக் கெண்டியினுள் போட்டு வைத்தோம். நான்கு எழுத்துகளில் மூன்றைப் படித்துவிட்டோம். நான்காவது தேய்ந்திருக்கிறது.