நினைவுகளுக்கு இறைவார்த்தையே பதில்



இரவில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் நம்மில் பலருக்கு மனம் பேசத் தொடங்குகிறது. 'உன்னால் யாருக்கு என்ன பயன்?' 'நீ செய்த பாவத்தைக் கடவுள் மன்னித்திருப்பார் என்று நம்புகிறாயா?' 'வயதான காலத்தில் உன்னை யார் பார்ப்பார்கள்?' 'உன்னை அவமானப்படுத்தியவனைச் சும்மா விடலாமா?' இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றை வெளியே சொல்ல நமக்குக் கூச்சம். விசுவாசம் உள்ளவர்களுக்கு இப்படி நினைவுகள் வரலாமா என்ற குற்ற உணர்வும் கூடவே சேர்ந்துகொள்ளும். ஆனால் இவை நமக்கு மட்டும் வருபவை அல்ல. 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி இத்தகைய நினைவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் விவிலியத்திலிருந்து ஒரு பதிலை எடுத்து எழுதிவைத்தார். அந்த வரலாற்றை இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பொந்து நாட்டில் ஏறக்குறைய கி.பி. 345இல் பிறந்தவர். புனித பேசில் அவரை வாசகராக ஏற்படுத்தினார். நாசியான் நகர்ப் புனித கிரகோரியார் அவரைத் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தினார். 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் பொதுச்சங்கம் கூடிய நாள்களில் அவர் அந்த நகரில் பணியாற்றி, தம் பேச்சு வன்மையால் பெயர் பெற்றார். அப்போதுதான் உயர்குடியைச் சேர்ந்த மணமான பெண் ஒருவர்மீது கொண்ட ஆசையில் அவர் மனம் சிக்கியது. கனவில் எச்சரிக்கை பெற்று எருசலேமுக்குத் தப்பி ஓடினார். அங்கும் மனம் தெளியவில்லை. பழைய பகட்டு வாழ்வு மீண்டும் இழுத்தது. காய்ச்சலில் விழுந்து ஆறு மாதம் வாடினார். மருத்துவர்களுக்கும் நோயின் காரணம் பிடிபடவில்லை. ஒலிவ மலையில் துறவு இல்லம் நடத்திவந்த மூத்த மெலானியா என்ற பெண்மணிதான், இவர் உள்ளத்தில் எதையோ மறைத்து வைத்திருக்கிறார் என்று கண்டுகொண்டார். எவாக்ரியுஸ் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். துறவு வாழ்வுக்கும் வாக்களித்தார். சில நாள்களில் உடல் தேறியது. இதை நமக்கு எழுதிவைத்தவர் எவாக்ரியுசின் சீடரான பல்லாதியுஸ்.

ஏறக்குறைய 383இல் அவர் எகிப்துக்குப் போனார். நைல் நதிக் கழிமுகத்துக்கு மேற்கே இருந்த நித்ரியாவில் இரண்டு ஆண்டுகளும், பிறகு அதற்கும் உள்ளே 'சிற்றறைகள்' என்று பொருள்படும் கெல்லியா என்ற பாலைநிலத்தில் தம் இறுதிவரையும் வாழ்ந்தார். நூல்களைக் கையால் படியெடுத்து எழுதி, அந்தக் கூலியில் சாப்பிட்டார். 399ஆம் ஆண்டில், திருக்காட்சிப் பெருவிழாவில் நற்கருணை உட்கொண்ட பின் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

நகரத்தை விட்டு ஓடினால் சோதனையும் போய்விடும் என்று நாம் நினைப்போம். பாலைநிலத் துறவிகளின் அனுபவம் வேறு. அங்கே வீடு இல்லை, சந்தை இல்லை, சொத்து இல்லை. ஆனால் நினைவுகள் இருந்தன; நகரத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தன. எவாக்ரியுஸ் அவற்றை எட்டு வகையாகப் பிரித்தார்: போசனப்பிரியம், மோகம், பணஆசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம்.

இவற்றை அவர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தார் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். பணஆசை என்றதும் நமக்குப் பெட்டி நிறையப் பணம் வைத்திருப்பவரே நினைவுக்கு வருவார். எவாக்ரியுசோ, அது அச்சமாகத்தான் வரும் என்கிறார்: நீண்ட முதுமை, வேலை செய்ய முடியாத கைகள், பஞ்சம், நோய், பிறரிடம் கையேந்தும் வெட்கம். சலிப்பைப் பற்றி அவர் எழுதியதும் அப்படியே. அது நண்பகலில் வரும். சூரியன் நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் நீள்கிறது என்று தோன்றச் செய்யும். இருக்கும் இடத்தை வெறுக்க வைக்கும். உடன் வாழ்பவர்களிடம் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல யாருமே இல்லை என்று காதில் ஓதும். வீட்டில் தனியே கிடக்கும் முதியவர்களும், தொலைவில் விடுதி அறையில் தங்கி வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இந்தக் குரலை நன்கு அறிவார்கள்.

இந்த இடத்தில் எவாக்ரியுஸ் நமக்கு ஓர் ஆறுதல் தருகிறார். இத்தகைய நினைவுகள் நம்மை வந்து தொல்லைப்படுத்துவதும் படுத்தாததும் நம் கையில் இல்லை. அவை நம்மிடம் தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்கிறார். ஆகவே நினைவு வந்ததற்காக நாம் குற்றவாளி ஆவதில்லை. வந்ததை உட்காரவைத்து உபசரிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

உட்காரவிடாமல் அனுப்புவது எப்படி? அதற்கு அவர் பார்த்த பாடம் மத்தேயு நற்செய்தி 4ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் நம் ஆண்டவர் மூன்று முறை சோதிக்கப்பட்டார். மூன்று முறையும் இணைச்சட்ட நூலிலிருந்தே பதில் சொன்னார். அலகையோடு வாதம் செய்யவில்லை. ஏதேன் தோட்டத்தில் ஏவாள் பாம்போடு உரையாடலில் இறங்கினார், கடவுள் சொன்னதோடு தம் சொல்லையும் சேர்த்துப் பேசினார், தோற்றார். ஆண்டவர் எழுதப்பட்டிருக்கும் வார்த்தையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சோதனை நேரத்தில் தகுந்த வார்த்தை உடனே கைக்கு வருவதில்லை, ஏனெனில் அவை விவிலியம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இதை உணர்ந்த எவாக்ரியுஸ், லூக்கியுஸ் என்ற துறவியின் வேண்டுகோளுக்கு இணங்கி, 'எதிர்மொழி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைத் தொகுத்தார. எட்டு வகை நினைவுகளுக்கு எட்டுப் பகுதிகள். மொத்தம் ஏறக்குறைய 500 பதில்கள். ஒவ்வொன்றிலும் முதலில் அந்த நினைவு என்ன சொல்கிறது என்று வெளிப்படையாக எழுதுகிறார். அடுத்து அதற்கு எதிரான இறைவார்த்தை. சில பதில்கள் அலகையை நோக்கியவை, சில தம் ஆன்மாவை நோக்கியவை, சில கடவுளை நோக்கிய மன்றாட்டுகள்.

அவருடைய இறையியல் கருத்துகள் சில பின்னாளில் திருஅவையால் மறுக்கப்பட்டன. 553இல் நடந்த பொதுச்சங்கத்தையொட்டி அவர் பெயரே ஒதுக்கப்பட்டது. 'எதிர்மொழி' நூலின் கிரேக்க மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. சிரியாக், அர்மேனிய மொழிபெயர்ப்புகளே அதைக் காப்பாற்றின. ஆனால் கோதுமையைக் களையிலிருந்து பிரிக்கத் திருஅவைக்குத் தெரியும். எகிப்தில் துறவிகளிடம் பயின்ற புனித யோவான் கசியான் இந்தப் படிப்பினையை இன்றைய பிரான்சு நாட்டின் மார்செய் நகருக்குக் கொண்டுசென்றார். துணைசெய்ய விரைந்து வருமாறு கடவுளை அழைக்கும் திருப்பாடல் 70இன் முதல் வசனம் எல்லா நினைவுகளுக்கும் போதுமான பதில் என்று, ஈசாக்கு என்ற துறவி கற்பித்ததை அவர் பதிவு செய்தார். புனித பெனடிக்ட் அதே வசனத்தைத் தம் துறவிகளின் செபவேளைகளுக்குத் தொடக்கமாக வைத்தார். இன்றும் திருப்புகழ்மாலை அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது. எட்டு நினைவுகளின் பட்டியலைத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏழாகச் சீரமைத்தார். நம் பெரியவர்கள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் அந்த வழியில் வந்தவையே. திருத்தந்தை பிரான்சிஸ் 2023 டிசம்பர் 27 அன்று தீய பழக்கங்களும் நற்பண்புகளும் பற்றிய மறைக்கல்வித் தொடரைத் தொடங்கியபோதும், அலகையோடு ஒருபோதும் உரையாடக் கூடாது என்றே எச்சரித்தார்.

அன்பார்ந்தவர்களே, இந்த வழியை நாம் எப்படிக் கைக்கொள்வது?

முதலில், நினைவுக்குப் பெயர் சொல்வோம். 'மனசு சரியில்லை' என்பதோடு நிறுத்தாமல், அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பார்ப்போம். பிறகு அதற்கு ஒரு வசனத்தைத் தேடி அருகில் எழுதுவோம். 'என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள்' என்ற நினைவுக்கு எசாயா 49:15 இருக்கிறது; பெற்ற தாயே மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். 'எனக்கு மன்னிப்பு இல்லை' என்பதற்கு 1 யோவான் 1:9. 'நாளைக்கு என்ன செய்வேன்' என்பதற்கு மத்தேயு 6:34. 'பழி வாங்கியே தீருவேன்' என்பதற்கு உரோமையர் 12:19. வசனத்தை வாய்விட்டுச் சொல்வோம். நினைவு மீண்டும் வந்தால் மீண்டும் சொல்வோம்.

இரண்டாவது, இறைவார்த்தை நம் துயரத்தை மூடி மறைக்கும் போர்வை அல்ல. திருப்பாடல் 42ஐப் பாடியவருக்கு இரவும் பகலும் கண்ணீரே உணவு. அவர் அழுதுகொண்டேதான் தம் நெஞ்சிடம் கடவுளை நம்பச் சொல்கிறார். சலிப்பு வரும்போது நாமும் அப்படியே ஆன்மாவை இரண்டாக்கி, ஒரு பாதி மறு பாதிக்கு ஆறுதல் சொல்லும்படி செய்வோம் என்று இந்தத் திருப்பாடலைக் காட்டியே எவாக்ரியுஸ் கற்பித்தார்.

மூன்றாவது, வசனம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய மருந்து; துன்பத்தில் இருப்பவர்மேல் எறியும் கல் அல்ல. அலகையும் திருப்பாடல் 91ஐச் சொல்லித்தான் ஆண்டவரைச் சோதித்தது. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லும் ஒருவரிடம் 'உனக்கு விசுவாசம் போதாது, விவிலியம் படி' என்று சொல்லிவிட்டுப் போவது அன்பாகாது. அவர் அருகே உட்காருவோம். மருத்துவரிடம் கூட்டிப் போவோம். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. எவாக்ரியுஸ்கூடத் தனியாக நலம் பெறவில்லை. மெலானியாவிடம் மனம் திறந்த பிறகே எழுந்தார். நமக்கும் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது, பங்குத்தந்தை இருக்கிறார், அன்பியத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவர் இருப்பார்.

இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு சிறு தாளில் ஒரு நினைவையும் ஒரு வசனத்தையும் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வோம். இருட்டில் அந்தக் குரல் பேசத் தொடங்கும்போது பதில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, எங்கள் மனங்களில் எழும் இருளான நினைவுகளை நீர் அறிவீர். உம் திருமகன் பாலைநிலத்தில் உமது வார்த்தையால் வென்றதுபோல நாங்களும் வெல்ல, தூய ஆவியார் தக்க நேரத்தில் தக்க வார்த்தையை எங்களுக்கு நினைவூட்டுவாராக. துன்புறுவோர் அருகே அமரும் இரக்கத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.